கஞ்சா மணமும் என் ஞாபகசக்தியும்

வழக்குப் பொருள் அறைக்குப் புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். நேரே கேட்க வெட்கப்பட்டு, தேநீர் குடிக்கும் நேரத்தில் வேறு ஏதோ கதைக்கிற மாதிரித் தொடங்கி, மெதுவாக அங்கே வந்து நிற்பார்கள். "சேர், உள்ளுக்கை இவ்வளவு கஞ்சா கிடக்குது. ஒவ்வொரு நாளும் அந்த மணத்துக்குள்ளை இருந்தால் தலைக்கு ஏதும் செய்யாதோ?"

என் இடத்துக்கு வந்த நீங்களும் கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டு, பிரியாவிடையில் தந்த மணிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது வெள்ளாங்குளத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வரம்பில் குந்தியிருப்பதுதான் என் முழுநேர வேலை. ஆகவே பதில் எழுத நேரம் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் மன்னார்ப் பக்கம் கிடைக்கமாட்டார். அந்த மணத்தை வைத்து ஒரு விஞ்ஞானமே நடத்தி, அதைத் திறந்த நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்லி, வழக்குப் பதிவிலும் ஏற்றிவிட்டு வந்தவன் நான்.

நான் வேலை செய்த நீதிமன்றத்தின் பெயர் இங்கே வேண்டாம். பாவம், அது என்னால் ஏற்கெனவே போதுமான அளவு சிரிப்புக்கு ஆளாகிவிட்டது. எந்த நீதிமன்றமானாலும் எங்கள் கடற்கரையில் அந்த அறை ஒரே மாதிரித்தான் இருக்கும். கடல் வழியாகக் களவாக வருகிற எதுவும் பிடிபட்டால் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். மஞ்சள், ஏலக்காய், பீடி இலை, படகு இயந்திரம், இவற்றுக்கு நடுவே கேரள கஞ்சா. எங்கள் வேலை இரண்டுதான். வழக்கு முடியும்வரை பொருளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நீதவான் கேட்டால் அது எப்படி வந்தது, எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் வேலைக்கு ஒரு பூட்டும் திறப்பும் போதும். இரண்டாவது வேலைக்குத்தான் ஞாபகம் வேண்டும்.

ஞாபகத்தில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. சட்டத்தரணிகள் என்னை 'ஹார்ட் டிஸ்க்' என்று கூப்பிடுவார்கள். எந்த வழக்கின் எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உண்மையில் கண்ணை மூடத் தேவையில்லை. மூடினால் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும் என்பதால் மூடுவேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடத்தில் அந்த ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடினேன். குடையை பஸ்சில் விட்டேன். பிறகு வாங்கிய குடையையும் அதே பஸ்சில் விட்டேன். ஒரு இளம் சட்டத்தரணியை அவருடைய தகப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயமாக இருந்தது. இத்தனை காலம் கட்டிக் காத்த பெயர் கடைசி வருடத்தில் போய்விடுமோ என்ற பயம்.

இந்த நேரத்தில்தான் நாய் வந்தது.

மன்னார்ப் பாலத்துக்கு இப்பால் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. பஸ்சை நிறுத்தி எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஒரு மோப்ப நாய் ஒவ்வொருவராக மணந்துகொண்டே வந்து, என் முன்னால் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது. நாய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்பது வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். நாயைப் பிடித்திருந்த சிப்பாய், "மேக்கே மொனவத தியென்னே?" என்று பையைக் காட்டி, இதற்குள் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். பைக்குள் புட்டும் மீன்குழம்பும் இருந்தன. நாய் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது என் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அடையாள அட்டையைக் காட்டி, நான் எங்கே வேலை செய்கிறேன் என்று விளங்கப்படுத்திய பிறகு அவர்களுடைய அதிகாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தமிழ் பேசத் தெரிந்த மனிதர். "ஐயா, நாய் பிடிக்கிறது போதையை இல்லை. செடியிலை இருக்கிற வாசனை எண்ணெயைத்தான். அது உங்கட உடுப்பிலை ஏறியிருக்குது" என்றார்.

உடுப்பில் ஏறியிருந்தால் மூளையில் ஏறாதா? பஸ்சில் இருந்துகொண்டே தொலைபேசியில் தேடத் தொடங்கினேன். அந்த வாசனை எண்ணெய்களுக்கு டெர்பீன்கள் என்று பெயராம். கஞ்சாவுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. தேசிக்காய்த் தோலில் இருப்பது லிமோனீன். மாம்பழத்தில் மிர்சீன். பைன் மரத்தில் பைனீன். இவற்றில் பைனீன் கவனத்தைக் கூர்மையாக்கும், ஞாபகத்தைக் காக்கும் என்று ஒரு பக்கம் சொன்னது. லிமோனீன் மனதை உற்சாகப்படுத்துமாம். மிர்சீன் கண்ணைச் சொக்க வைக்குமாம். மூன்றும் கஞ்சாவில் இருக்கின்றனவாம்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. காலையில் நான் சுறுசுறுப்பாக இருப்பது பைனீனால். மத்தியானம் கதிரையில் தலை சரிவது மிர்சீனால். ஒரே சாக்கு காலையில் ஒன்றையும் மத்தியானம் அதற்கு நேரெதிரான இன்னொன்றையும் எப்படிச் செய்யும் என்ற கேள்வி எழவேயில்லை. காலையில் நான் குடித்த இஞ்சித் தேநீரும் மத்தியானம் சாப்பிட்ட புழுங்கலரிசிச் சோறும் விசாரணைக்கு அழைக்கப்படவில்லை.

ஆனாலும் நான் பொறுப்பான மனிதன் அல்லவா, ஒரு வைத்தியரையும் கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன். சாட்சி சொல்ல வந்து எங்கள் விறாந்தையில் காத்திருந்த சட்ட வைத்திய அதிகாரி ஒருவரிடம் கதையை விட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பைனீன் ஞாபகத்தைத் தூண்டும் எண்டு ஒரு கதை இருக்குது ஐயா. ஆனால் கூடுதலா எலியளிலைதான் பாத்தவை. அதுவும் எண்ணெயைப் பிரிச்செடுத்துக் குடுத்து. மனிசர் சாக்குக்குப் பக்கத்திலை இருந்து மணந்தால் என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் உறுதியாச் சொல்லேல்ல. கஞ்சாவைப் புகைச்சால் ஞாபகம் குழம்பும். அது மட்டும் தெரிஞ்ச விசயம்."

இதில் என் காதில் விழுந்தது முதல் வசனம் மட்டும். எலி என்ற சொல்லே விழவில்லை. எங்கள் அறையிலும் எலிகள் இருந்தன. என் சாப்பாட்டுப் பை எங்கே தொங்கும் என்பதை அவை ஒரு நாளும் மறந்ததில்லை. அதையாவது சான்றாக எடுத்திருந்தால் என் விஞ்ஞானத்துக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அடுத்த நாள் தொடக்கம் புதிய பழக்கம் ஆரம்பமானது. மற்றவர்கள் வருவதற்கு முன் அறையைத் திறந்து, மூலையில் கிடந்த சாக்குக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுப்பேன். போதைக்காக அல்ல, மருந்துக்காக. அப்போது எனக்கு உதவியாக றிஸ்வானா என்ற பெண் வேலை செய்தாள். முசலிப் பக்கத்தவள், கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். நான் கதிரையில் கண்மூடி இருப்பதைக் கதவிடுக்கால் பார்த்திருக்கிறாள். நான் தேவாரம் சொல்லிக் கும்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "சேர் காலமையிலை உள்ளுக்கை வணக்கத்திலை இருப்பார், ஒருத்தரும் போகாதேங்கோ" என்று மற்றவர்களையும் தடுத்திருக்கிறாள். ஆகவே என்னை யாரும் குழப்பவில்லை. எனக்கும் ஞாபகம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வருவதாகத்தான் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இளம் வயதில்கூட மூளை இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்று வீட்டில் பெருமையடித்தேன். "அப்ப வரேக்கை வாங்கச் சொன்ன சவுக்காரம் எங்கை?" என்று மனைவி கேட்டாள். அதற்கும் மிர்சீனைத்தான் குற்றம் சொன்னேன்.

இப்போது சூசையின் வழக்குக்கு வருகிறேன்.

சூசை கீரிக் கிராமத்தைச் சேர்ந்த மீனவர். அவருடைய படகில் ஒரு தலையணை அளவு கஞ்சா, சாக்கில் சுற்றியபடி பிடிபட்டது. அது கடலில் மிதந்து வந்தது, வலையில் சிக்கியதை எடுத்துக் கரையில் ஒப்படைக்கத்தான் கொண்டுவந்தேன் என்பது அவர் பக்கம். நடுக்கடலில் இன்னொரு படகிலிருந்து வாங்கிப் படகின் முன்பெட்டியில் ஒளித்து வைத்திருந்தார் என்பது பொலிஸ் பக்கம். மிதந்து வந்திருந்தால் சாக்கு ஊறிப்போய் இருந்திருக்கும். முன்பெட்டியில் பத்திரமாக வந்திருந்தால் காய்ந்திருக்கும். முழு வழக்கும் கடைசியில் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. சாக்கைப் பிடித்த பொலிஸ்காரர் ஈரமா காய்ந்ததா என்று தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். நான் பொருளைப் பாரமெடுத்தபோது, அதாவது பொறுப்பேற்றபோது, எழுதியதில் நிறையும் முத்திரையும்தான் இருந்தன. சூசையோ மாதக்கணக்காக விளக்கமறியல் சிறையில். அவருடைய படகு எங்கள் நீதிமன்ற வளவில் வெயிலில் கிடந்து வெடித்துக்கொண்டிருந்தது. குற்றவாளி என்று தீர்ப்பானால் அந்தப் படகும் போய்விடும். அந்தக் குடும்பத்துக்கு அதைவிட வேறு வருமானம் இல்லை.

இதில் என்னை யாரும் இழுக்கவில்லை. நானாகத்தான் போய் விழுந்தேன். வழக்கை நடத்திய பொலிஸ் சார்ஜன்ட், எங்கள் பேச்சில் சாஜன், கன்ரீனில் இருந்து இந்தக் கதையைச் சொல்லித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பக்கத்து மேசையில் நான், ஒரு கையில் வடை, தலை நிறையப் பைனீன்.

"அந்தச் சாக்கோ? நல்லாக் காய்ஞ்சது" என்றேன். "தூக்கேக்கை தூசி பறந்து எனக்குத் தும்மல் வந்தது. தும்மி முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது."

சாஜன் கதிரையை என் பக்கம் திருப்பினார். "உறுதியாத் தெரியுமோ ஐயா?"

"நேற்று நடந்த மாதிரித் தெரியும்."

"கோட்டிலை ஏறிச் சொல்லுவியளோ?"

"ஏன் சொல்லமாட்டன்?"

அழைப்பாணை அந்தக் கிழமையே வந்துவிட்டது. என் பெயரை அதில் பார்த்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு ஒரு நாள் பஸ்சுக்குப் போகும்போது வாசலில் ஒரு பெண் என்னை மறித்தாள். சூசையின் மனைவி மெற்றில்டா. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் வந்து வாசலில் நிற்பவள் என்பதால் முகம் தெரியும். நான் சாட்சி சொல்லப் போவது அவளுக்குத் தெரிந்திருந்தது. என்ன சொல்லப் போகிறேன் என்பது தெரியாது.

"ஐயா, சாக்கைப் பாரமெடுத்தது நீங்களாம். உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமெண்டு லோயர் சொன்னவர். வடிவா யோசிச்சுப் பாருங்கோ ஐயா. இவர் நனைஞ்ச சாக்கைத்தான் ஏத்தினவர். தண்ணி வடிய வடிய ஏத்தினவராம். அவர் எனக்குப் பொய் சொல்லமாட்டார்."

"தங்கச்சி, வழக்கைப் பற்றி நான் உங்களோட கதைக்கேலாது" என்றேன். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவன்."

"அது போதும் ஐயா. தெரிஞ்சதைச் சொன்னால் காணும்."

பஸ்சில் இருந்தபோது அவளை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. எந்த மாதிரியான பரிதாபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாவம், புருசன் தன்னை ஏமாற்றுவது இவளுக்குத் தெரியவில்லையே என்ற பரிதாபம். எனக்குத்தான் உண்மை தெரியுமே. என் மூக்கே சாட்சியாயிற்றே.

விசாரணை நாள் காலை நான் வழக்கத்தைவிட முன்னதாகவே போய்விட்டேன். இன்றைக்கு மருந்து கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று கதிரையைச் சாக்குக்கு இன்னும் கிட்டவாக இழுத்துப் போட்டேன். குனிந்து, மூக்கைச் சாக்கில் முட்டக் கொடுத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. றிஸ்வானா அன்றைய வழக்குப் பொருட்களை எடுக்க வந்திருந்தாள். நான் இருந்த கோலத்தைப் பார்த்துச் சற்றுத் தயங்கி நின்றாள்.

"சேர், வணக்கம் முடிஞ்சுதோ?"

"என்ன வணக்கம்?"

"ஒண்டுமில்லை சேர். சூசையிட பொருளை எடுக்கவேணும்."

"எடும் பிள்ளை" என்று நான் எழும்பி வழிவிட்டேன். அவள் என்னைக் கடந்து மற்றப் பக்கம் போய் இரும்பு அலுமாரியைத் திறந்தாள்.

"அங்கை என்ன செய்யிறீர்? சாக்கு இஞ்சையெல்லோ கிடக்குது."

"அது பீடி இலை சேர்."

"எது?"

"நீங்கள் பக்கத்திலை இருக்கிற சாக்கு. அது பீடி இலை. சூசையிட சாக்கு வந்த அதே நாள் அதே பொலிசாலை வந்தது. ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தது. எலித் தொல்லை எண்டு கஞ்சா முழுக்க அலுமாரிக்கை வைக்கச் சொல்லிப் பதிவாளர் சொன்னவரெல்லோ? நீங்கள் வவுனியாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போன கிழமை நான்தான் மாத்தினனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னனான் சேர். நீங்கள் 'ஓம், நல்லது' எண்டு சொன்னீங்கள்."

அந்தக் கலியாண வீடு நாய் சம்பவத்துக்கும் முந்தியது. அப்படியென்றால் என் ஞாபகசக்தி முழுவதும், முதல் நாள் தொடக்கம், பீடி இலையில் வளர்ந்திருக்கிறது. நம்ப முடியாமல் சாக்கை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். ஓட்டை வழியாகக் காய்ந்த இலைத் துண்டுகள் கொட்டின. கூடவே தூசியும் கிளம்பியது. நான் தும்மத் தொடங்கினேன்.

தும்மி முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

றிஸ்வானா தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் குடிக்காமல் அப்படியே நின்றேன். அதே தும்மல். கன்ரீனில் நான் சாஜனுக்குச் சொன்ன தும்மல் இந்தச் சாக்கினால் வந்தது. அன்றைக்கு நான் தூக்கிய காய்ந்த சாக்கு பீடி இலைச் சாக்கு. அப்படியானால் சூசையின் சாக்கு? கண்ணை மூடி யோசித்தேன். இந்த முறை யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. ஒன்றும் வரவில்லை. ஈரமும் வரவில்லை, காய்ந்ததும் வரவில்லை, சாக்கே வரவில்லை. றிஸ்வானா அலுமாரியில் இருந்து எடுத்த பொதியைத் தொட்டுப் பார்த்தேன். பகுப்பாய்வுக்குப் போய் வந்த பொதி. இத்தனை மாதத்தில் எந்தச் சாக்கும் காய்ந்துதான் இருக்கும். உப்பு இருக்கிறதா என்று பார்த்தும் பயனில்லை, மன்னார்க் காற்றில் என் சட்டையிலும் உப்பு இருக்கும்.

"நான் என்ன செய்யிறது பிள்ளை?" என்று கேட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவளிடம் ஆலோசனை கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் அலுமாரியைப் பூட்டினாள். "நனைஞ்சது எண்டு சொன்னால் அந்தப் பொம்பிளை உங்களைக் கும்பிடுவா சேர்" என்றாள். பிறகு, "ஆனா அதுவும் உங்களுக்குத் தெரியாதே" என்றாள்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த நேரத்தில் என் முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. காய்ந்தது என்று ஏற்கெனவே சொன்னதையே சொல்லிவிட்டு இறங்கலாம். ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள், ஹார்ட் டிஸ்க்கின் பெயரும் காப்பாற்றப்படும், சூசை சிறைக்குப் போய்விடுவார். அல்லது மெற்றில்டாவின் முகத்தை நினைத்து நனைந்தது என்று சொல்லலாம். நல்ல மனிதன் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது வழியில்தான் எனக்கு ஆசை கூடுதலாக இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. கொஞ்ச நேரம் ஆசையோடு யோசித்தால் நனைந்த சாக்கு ஒன்றை என் மூளையே செய்து தந்துவிடும் என்று தெரிந்தது. காய்ந்த சாக்கை அது எவ்வளவு அழகாகச் செய்து தந்திருந்தது!

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். பின் வரிசை வாங்கில் மெற்றில்டா முக்காட்டைப் பிடித்தபடி இருந்தாள். சாஜன் என்னைப் பார்த்து நம்பிக்கையோடு தலையை அசைத்தார்.

"இந்தப் பொதியைப் பாரமெடுத்தது நீங்கள்தானே?"

"ஓம்."

"பாரமெடுக்கேக்கை சாக்கு எப்பிடி இருந்தது?"

"எனக்குத் தெரியாது."

சாஜன் கையில் இருந்த கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கடதாசியைப் பார்த்தார். "ஐயா, காய்ஞ்சிருந்தது எண்டு நீங்கள் எனக்குச் சொன்னீங்களே?"

"சொன்னனான். அப்ப எனக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

அதோடு விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். "என்னெண்டு மாறினது? யாரும் உங்களை மிரட்டினவையோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாட்சி கடைசி நேரத்தில் மாறினால் அப்படித்தான் கேட்க வேண்டும். அவர் மெற்றில்டா இருந்த பக்கத்தையும் ஒரு முறை பார்த்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் பழி அவள் தலையில் விழும் என்று விளங்கிவிட்டது.

ஆகவே சொன்னேன். நாய் உட்கார்ந்ததில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டெர்பீன் என்றால் என்ன என்று நீதவான் கேட்டார், விளக்கினேன். அதை மணந்தால் ஞாபகம் கூடும் என்று யார் சொன்னது என்று கேட்டார். வைத்தியர் சொன்னார், ஆனால் எலிகளைப் பற்றித்தான் சொன்னார் என்றேன். முன் வரிசையில் சட்டத்தரணிகள் வழக்குக் கோவைகளால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நான் நாள்தோறும் மணந்தது கஞ்சா அல்ல, பீடி இலை என்ற இடத்தில் பின் வாங்குகளில் சத்தமாகவே சிரித்தார்கள். அமைதி, அமைதி என்று கத்த வேண்டிய நீதிமன்றச் சேவகரான ஆரச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கிக்கொண்டிருந்தார். சுருக்கெழுத்து எழுதுகிற பிள்ளை மட்டும் கடமையில் குறியாக இருந்தாள்.

"ஐயா, 'ஞாபகசக்திக்காக மணந்தேன்' எண்டதையும் எழுதவோ?"

நீதவான் கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். "எழுதுங்கோ" என்றார்.

எனக்குக் காது எரிந்தது. இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்த அதே மண்டபத்தில் நிலத்தைப் பார்த்தபடி இறங்கி வந்தேன். அன்று பின்னேரத்துக்குள் கதை பேசாலை வரைக்கும் போய்விட்டது. அடுத்த நாள் என் மேசையில் யாரோ ஒரு கட்டுப் பீடியும், 'பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு' என்று எழுதிய துண்டும் வைத்திருந்தார்கள். றிஸ்வானாவின் கையெழுத்து எனக்குத் தெரியும்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில். அந்த மணம் தலைக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அறையின் சுவரெல்லாம் கஞ்சா மணம் ஊறிக் கிடந்தது என்பதால் டெர்பீன்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை என்றும் சத்தியம் செய்யமாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கூர்மை வந்துவிட்டது என்று நினைத்தாலே போதும், மனிதனுக்குக் கூர்மை வந்த மாதிரி இருக்கும். அந்தத் துணிவில் அவன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரின் படகைப் பற்றிச் சாட்சி சொல்லுவான். உங்களுக்குத் தலையிடி வந்தால் அது பூட்டிய அறையாலும் பழைய சாக்குகளில் பிடிக்கிற பூஞ்சணத்தாலும் என்றுதான் நினைக்கிறேன். யன்னலைத் திறந்து வையுங்கள். பொருளைப் பாரமெடுக்கும்போது நனைந்ததா காய்ந்ததா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கூண்டில் ஏறி நிற்கும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு அதைச் சொல்ல ஓய்வு பெறும் வயது வரைக்கும் எடுத்தது.

தீர்ப்பு சில தவணைகளுக்குப் பிறகு வந்தது. சாக்கு நனைந்திருந்ததா இல்லையா என்பதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை, சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி நீதவான் சூசையை விடுதலை செய்தார். படகையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். சூசை உண்மையில் நனைந்த சாக்கைத்தான் ஏற்றினாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் ஆசையில்லை.

அன்று படகின் இயந்திரத்தை ஒப்படைக்க நான் வளவுக்கு இறங்கினேன். சூசையும் அவருடைய தம்பியும் படகை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டா என்னிடம் நடந்து வந்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அந்தக் காய்ந்த சாக்குக் கதையை நான்தான் பொலிசுக்குச் சொன்னேன் என்பதை அவள் நீதிமன்றத்தில் கேட்டுவிட்டாளே. ஏசினால் வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தேன்.

"ஐயா, உங்களுக்கு எல்லாம் ஞாபகம் வரோணுமெண்டு நான் மடுக் கோயிலுக்குப் போய் மாதாவிட்ட மெழுகுதிரி கொளுத்தி அழுதனான்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லகாலம், அவ கேக்கேல்ல."